பழைய பாட்டும் புதுக் கணனியும்

கனகாலத்துக்குப் பிறகு ஒரு பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"புதுக் கணனி வாங்கினன், பழைய பாட்டு ஓடுதில்லை" என்ற கதையை அண்மையில் நாலு பேர் வாயால் கேட்டுவிட்டேன். ரொறொன்ரோவில் ஒருவர், பாரிசில் ஒருவர், இங்கே எடிசனில் இரண்டு பேர். எல்லாரும் என்னைப்போல வேலை முடிந்து வந்து பேஸ்மென்ரில் இருந்து பாட்டுப் போடுகிற ஆட்கள்தான். முந்தியதைவிட நாலு மடங்கு வேகமான கணனி, ஆனால் இசை மென்பொருளைத் திறந்தால் பொரி வெடிக்கிறது போலச் சத்தம், இடையில் உறைந்து நிற்கிறது, சிலவேளை திறக்கவே மாட்டேன் என்கிறது. ஒருவர் கணனியைத் திருப்பிக் கொடுத்தே விட்டார். இன்னொருவர் தனக்கு வயதாகிவிட்டது, இனி இந்தத் தொழில்நுட்பம் சரிவராது என்று மனம் விட்டுப்போய்க் கதைத்தார்.

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதுக் கணனி வந்ததும் பழைய இசை நிரல் செத்துப்போவது 1960களிலேயே நடந்த சங்கதி. அது நடந்த இடம், நான் தோசை ஊற்றுகிற கடையிலிருந்து காரில் அரை மணித்தியாலம்.

முதலில் இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓக் ட்றீ வீதியில் சாமான் வாங்க வருகிற எங்கட சனத்துக்கு எடிசன் என்றால் இட்லி மாவும் நகைக்கடையும்தான். ஆனால் தோமஸ் எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைச் செய்த மென்லோ பார்க் இந்த ஊருக்குள்தான் இருக்கிறது. அப்போது இதற்கு ராரிட்டன் என்று பெயர், 1954இல்தான் எடிசன் ஆனது. மனிதன் குரலைப் பதிந்து, அதே குரலைத் திரும்பக் கேட்ட முதல் இடம். அந்த முதல் கருவி குரலைப் பதிந்தது தகரத் தாளில். சில தடவை போட்டுக் கேட்டால் தாள் தேய்ந்து, குரலும் போய்விடும். பதிவு பிறந்தபோதே அதன் வியாதியும் கூடப் பிறந்துவிட்டது என்று நான் நினைப்பதுண்டு.

அங்கிருந்து வடக்கே போனால் மரே ஹில். பெல் டெலிபோன் ஆய்வுகூடம் இருந்த இடம். டிரான்சிஸ்டர் அங்கேதான் 1947இல் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதே கட்டடத்தில்தான் 1957இல் மக்ஸ் மத்யூஸ் என்ற பொறியியலாளர் கணனிக்கு இசை பழக்கினார். அவருடைய உத்தியோகம் இசை இல்லை. தொலைபேசியில் பேச்சை எப்படிச் சுருக்கி அனுப்பலாம் என்று ஆராய்வதுதான் சம்பளத்துக்கான வேலை. அதற்காகப் பேச்சை எண்களாக்கிக் கணனிக்குள் அனுப்பி, திரும்ப ஒலியாக்கி எடுக்கிற கருவி அவரிடம் இருந்தது. மேலதிகாரி ஜோன் பியர்ஸ் ஒரு பியானோக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டுபோய், "இதைவிட நன்றாகக் கணனி வாசிக்கும், நீ நிரலை எழுது" என்ற மாதிரிச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் தொடக்கம். மேலதிகாரி இப்படி அமைந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது ஒரு சாட்சி. எனக்கு வாய்த்த மேலதிகாரிகள் வெங்காயம் உரிக்கச் சொன்னதோடு சரி :-)

அந்த நிரலின் பெயர் மியூசிக் ஒன்று. ஓடிய கணனி ஐ.பி.எம் 704. ஆனால் அந்தக் கணனி மரே ஹில்லில் இல்லை, நியூயோர்க் மடிசன் அவெனியூவில் ஐ.பி.எம் தலைமையகத்தில் இருந்தது. துளை போட்ட அட்டைகளை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கணனி தன் பாட்டுக்குக் கணக்குப் பார்த்து எண்களைக் காந்த நாடாவில் எழுதித் தரும். அந்த நாடாவைத் திரும்ப மரே ஹில்லுக்குக் கொண்டுவந்து, எண்ணை ஒலியாக்கும் கருவியில் போட்டால்தான் என்ன பாட்டு வந்திருக்கிறது என்று தெரியும். நியூமன் குட்மன் என்ற ஆய்வாளர் அமைத்த முதலாவது பாட்டு 17 வினாடி. கேட்க இனிமையாக இருந்தது என்று செய்த மத்யூஸே சொல்லவில்லை.

ஒரு விசயத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அந்தக் கணனிக்கு அவசரம் இல்லை. ஒரு வினாடி ஒலிக்கு எத்தனை நிமிடம் கணக்குப் பார்த்தாலும் யாரும் காத்திருந்து கேட்கவில்லை. முதலில் முழுவதையும் எழுதி முடி, பிறகு ஓடவிடு. அதனால் மத்யூஸின் பாட்டில் எந்தப் பிழை இருந்தாலும், இன்று உங்கள் கணனியில் கேட்கிற பொரி வெடி இருந்திருக்க வழியில்லை.

இடையில் எங்கட ஊர்த் தொடர்பு ஒன்று. 1961இல் அதே மரே ஹில்லில் கணனி ஒரு பழைய ஆங்கிலக் காதல் பாட்டைத் தன் குரலிலேயே பாடியது. குரலை ஜோன் கெலியும் கரோல் லொக்பாமும் செய்தார்கள், பக்கவாத்தியம் மத்யூஸ். பியர்ஸைப் பார்க்க வந்த ஒரு எழுத்தாளர் அதைக் கேட்டுவிட்டுப் போனார். அவர் பெயர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, சாகும்வரை கொழும்பைத் தன் ஊராக வைத்திருந்த அதே கிளார்க்தான். 1968இல் வந்த 'ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் ஹால் என்ற கணனியின் மூளையைத் துண்டு துண்டாகக் கழற்றும்போது, அது கடைசியாகப் பாடிக்கொண்டே குரல் தாழ்ந்து போகிறதே, அது அந்தப் பாட்டுத்தான். எங்கட வீட்டில் அந்தக் காட்சியைப் பார்த்து என் மகள் அழுதாள். கணனி சாகிறபோது பாட்டும் சாகிறது என்பதைப் படமாக எடுத்தவர்கள், பக்கத்து ஊர் ஆய்வுகூடத்தில் அது நிசமாகவே நடக்கப்போவதை நினைத்திருக்க மாட்டார்கள்.

என்ன நடந்தது என்றால், கணனிகள் மாறிக்கொண்டே வந்தன. 704 போய் 7090, 7094 வந்தது. மத்யூஸ் மியூசிக் இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே போனார். மூன்றாவதில் ஒரு பெரிய யோசனை வந்தது. ஒலியை உண்டாக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைச் செய்துவைத்து, அவற்றை வேண்டியபடி ஒன்றோடொன்று பொருத்தி வாத்தியம் கட்டுவது. இன்றைக்கு நீங்கள் திரையில் வயர் பிடித்து இழுத்து இணைக்கிற எல்லா மென்பொருளுக்கும் அதுதான் பாட்டன். நான்காவதை ஜோன் மில்லர் என்ற பெண்மணியோடு சேர்ந்து எழுதினார். இவை எல்லாம் அந்தந்தக் கணனியின் சொந்தப் பாஷையில் எழுதியவை. அந்தப் பாஷை வேறு கணனிக்கு விளங்காது.

பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக இசைக்காரர்கள் மியூசிக் நாலை வாங்கிக்கொண்டுபோய்த் தங்கள் கணனிக்கு ஏற்ற மாதிரித் திருத்தினார்கள். ஆனால் அவர்களிடம் எண்ணை ஒலியாக்கும் கருவி இல்லை. நாடாவைக் காரில் வைத்து மரே ஹில்லுக்கு ஓட்டிவந்து, போட்டுக் கேட்டு, பிழை என்றால் திரும்ப ஓட்டிப்போய்த் திருத்தி... இப்போது பத்து வினாடி உறைந்து நின்றால் எனக்குக் கோபம் வருகிறது.

1964இல் ஸ்டான்போர்டிலிருந்து ஜோன் சௌனிங் என்ற இசை மாணவர் வந்து, மியூசிக் நாலு துளைபோட்டிருந்த அட்டைப் பெட்டியை வாங்கிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போனார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. டேவிட் பூல் என்ற மாணவரின் உதவியோடு அதை அங்கேயுள்ள கணனியில் ஓடவைத்தார். 1967இல் அதில் விளையாடிக்கொண்டிருந்தபோது, ஒரு அலையால் இன்னொரு அலையை வேகமாக உலுக்கினால் மணிச்சத்தமும் பித்தளை வாத்தியச் சத்தமும் வருகிறது என்று கண்டுபிடித்தார். அதை யமஹா வாங்கியது. 1983இல் டி.எக்ஸ் 7 என்ற கீபோர்ட் வந்தது. அதே முறையில் ஒலி செய்கிற சி.எக்ஸ் 5 எம் என்ற சின்ன இசைக் கணனியையும் யமஹா விற்றது. 1986இல் பாலச்சந்தரின் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா பாவித்தது அந்தக் கணனியைத்தான் என்பார்கள். கணனியில் கோர்த்த இசையோடு வந்த முதல் இந்தியப் படம் என்று அதைப் பலரும் சொல்வதுண்டு. மரே ஹில்லில் துளைபோட்ட அட்டைப் பெட்டி ஒன்று, சுற்றிச் சுற்றிக் கோடம்பாக்கத்துக்கு வந்து, அங்கிருந்து கசெற்றாக யாழ்ப்பாணத்துக்கு வந்து எங்கட வீட்டு முற்றத்தில் பாடியது.

அந்த முற்றத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மத்யூஸை முடிப்போம்.

1960களின் நடுவில் பெல் ஆய்வுகூடம் ஐ.பி.எம்மை விட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் கணனிகளுக்கு மாறியது. புதுக் கணனி, வேகமான கணனி. மியூசிக் நாலு அதில் ஒரு வரிகூட ஓடாது. மத்யூஸ் அதைத் திருத்தி ஒட்டுப்போட்டிருக்கலாம், அடுத்த கணனி வரும்வரை காலம் ஓடியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. மியூசிக் ஐந்தைப் போர்ட்ரான் என்ற பொதுப்பாஷையில் திரும்ப எழுதினார். போர்ட்ரான் தெரிந்த எந்தக் கணனியிலும் ஓடும். வேகம் குறையும்தான். ஆனால் இனி யாரும் கணனி மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 1969இல் அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். அதே வழியில் பரி வேர்க்கோ முதலில் ஒரு கணனிக்கு, பிறகு இன்னொரு கணனிக்கு என்று எழுதி, கடைசியில் 1980களில் சி மொழியில் சிசவுண்ட் என்று எழுதினார். அது இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, ஓடுகிறது.

இதற்கு எதிர்க்கதையும் அதே கட்டடத்தில்தான் நடந்தது. குரூவ் என்று ஒரு ஏற்பாட்டை மத்யூஸும் ரிச்சர்ட் மூரும் 1970 அளவில் செய்தார்கள். கணனி ஒன்றோடு ஒரு அறை நிறைய மின்சார ஒலிக்கருவிகளை இணைத்து, கை அசைக்க அசைக்க உடனேயே இசை வரும்படி. அப்படியொன்று அந்த ஒரு அறையில் மாத்திரம்தான் இருந்தது. லோரி ஸ்பீகல் என்ற இசையமைப்பாளர் 1970களில் இரவிரவாக அதில் வேலை செய்தார். கோள்களின் ஓட்டத்தை வைத்துக் கெப்ளர் எழுதிய கணக்கை அவர் ஒலியாக்கியது 1977இல் வொயேஜர் விண்கலத் தட்டில் ஏறிச் சூரிய மண்டலத்துக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் குரூவைக் கழற்றிவிட்டார்கள். ஸ்பீகல் அதில் எழுதிய நிரல்களை ஓட்டிப் பார்க்க உலகத்தில் இன்று ஒரு இயந்திரமும் இல்லை. நாடாவில் பதிந்த இசை மாத்திரம் மிஞ்சியது.

சரி, இனி உங்கள் கணனிக்கு வருவோம்.

உங்களுடைய மென்பொருள் 1957இன் நிரல் போல ஆறுதலாகக் கணக்குப் பார்க்க முடியாது. வினாடிக்கு 44,100 எண்களை, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பிந்தாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதை ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை, ஒரு தட்டு நிரப்பிக் கொடுக்கும். அந்தத் தட்டைத்தான் பஃபர் என்கிறார்கள். 256 என்று வைத்தால் ஆறு மில்லி வினாடிக்குள் அடுத்த தட்டு வரவேண்டும். எங்கள் கடை மத்தியான பஃபேயைப் பாருங்கள். சின்னத் தட்டில் பொங்கல் வைத்தால் சூடாக இருக்கும், ஆனால் பொடியன் ஓடி ஓடி நிரப்ப வேண்டும். அவன் ஒரே ஒரு தடவை பிந்தினாலும் சனம் வெறும் தட்டைப் பார்க்கும். அந்த வெறும் தட்டுத்தான் உங்களுக்குக் கேட்கிற வெடிச்சத்தம். பெரிய தட்டு வைத்தால் காலியாகாது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கியது வாய்க்கு வரப் பிந்தும். கீபோர்டை அழுத்திக் கொஞ்சம் கழித்துச் சத்தம் வருவது அதுதான்.

அதனால்தான் வேகமான கணனி என்பதில் மாத்திரம் விசயமில்லை. சமையல்காரன் எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் பொடியனை யாரோ கதவடியில் மறித்துவைத்துக் கதைத்தால் தட்டுக் காலிதான். புதுக் கணனிகளில் அப்படி மறிக்கிற ஆட்கள் கனக்க. வைஃபை ட்ரைவர் ஒன்று. மின்சாரம் மிச்சம் பிடிக்க அடிக்கடி தூங்கி எழும்புகிற ஏற்பாடு இன்னொன்று. திரையில் கணனி 20 வீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டும், ஆனாலும் வெடிக்கும். ஆகவே வைஃபையை நிற்பாட்டிப் பாருங்கள், மின்சாரச் சிக்கனத்தை நீக்குங்கள், ஒலிப்பெட்டி செய்தவன் தருகிற ட்ரைவரையே போடுங்கள், பதியும்போது பஃபரைச் சிறிதாகவும் கலவை செய்யும்போது 1024 என்று பெரிதாகவும் வையுங்கள். திறக்கும்போதே விழுகிறது என்றால் அனேகமாக ஒரு பிளகின்தான் குற்றவாளி. எல்லாவற்றையும் ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டுப் பாதி பாதியாகத் திரும்ப வைத்துப் பார்த்தால் எது என்று பிடிபடும். சாம்பார் கசந்தால் எந்தப் போத்தலில் பிழை என்று பார்க்கிற அதே முறை.

யாழ்ப்பாணத்தில் 90க்கும் 95க்கும் இடையில் இருந்தவர்களுக்கு இந்தத் தட்டுக் கணக்கை நான் விளங்கப்படுத்தவே தேவையில்லை. கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றித்தான் கசெற் கேட்டோம். மேலே சொன்ன முற்றம் அதுதான். சுற்றுகிறவன் களைத்தால் பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் போகும். "டேய் மிதியடா" என்று கத்துவோம். ஹால் பாடிய பாட்டுக்கு நடந்ததும் அதுதான், அங்கே மிதிக்க ஆள் இல்லை.

ஆனால் மேலே சொன்ன எல்லாம் செய்தும் பழைய பாட்டு முழுதாக வராமல் இருக்கலாம். அது வெடிச்சத்தப் பிரச்சினை இல்லை, மியூசிக் நாலின் பிரச்சினை. ஆப்பிள் 2019இல் 32 பிட் நிரல்களை முற்றாக நிற்பாட்டியது, அடுத்த வருடமே தன் கணனிகளின் மூளையையும் மாற்றத் தொடங்கியது. ஸ்டைன்பெர்க் 1996இல் கொண்டுவந்த பிளகின் முறையின் இரண்டாம் பதிப்புக்குப் புதிதாக யாரும் எழுதுவதற்கான கருவிகளை 2018இல் கொடுப்பதை நிறுத்தியது. விண்டோசில் பழையதைப் பாலம் போட்டு ஓட்டலாம், பாலம் இடையில் முறியும்.

என்னிடம் இரண்டு பாட்டு இருக்கிறது. 2012இலும் 2014இலும் செய்தவை. மெட்டும் குரலும் எங்களோடு சமையலறையில் நின்ற வடமராட்சி அண்ணை ஒருவருடையது. 2020 ஏப்ரலில் போய்விட்டார். அந்த மாதம் நியூ ஜேர்சியில் இருந்தவர்களுக்கு என்ன வருத்தம் என்று சொல்லத் தேவையில்லை. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு, பௌதிகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். சைன் அலை, அதிர்வெண் என்று ஏதோ கொஞ்சம் தெரியும். அவருக்கு அதுவும் தெரியாது. ஆனால் இரண்டாவது பாட்டின் தொடக்கத்துக்கு ஒரு சிந்தசைசர் பிளகினை இரண்டு கிழமை திருகிக்கொண்டிருந்தார். "தம்பி, உது இன்னும் கீபோர்ட் மாதிரித்தான் கிடக்கு. அளவெட்டிச் சத்தம் வரவேணும்." நாதஸ்வரத்தைச் சொல்கிறார். கடைசியில் வந்தது.

இப்போது புதுக் கணனியில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் மூன்று விதமாக இருக்கிறது. அவருடைய குரல் வேவ் ஃபைலாகக் கிடக்கிறது, எந்தக் கணனியிலும் பாடுகிறது. அவர் அழுத்திய சுரங்கள் மிடியாக இருக்கின்றன. 1983இல் போட்டிக் கம்பனிகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொதுப்பாஷை அது, அதுவும் தப்பியது. ஆனால் அந்தச் சத்தம், அவர் திருகிய சத்தம், அந்தப் பிளகினின் சொந்தப் பாஷையில் பூட்டிக் கிடக்கிறது. செய்த கம்பனி இப்போது இல்லை. பழைய மடிக்கணனி ஒன்றைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். முதலாவது பாட்டு முழுதாக ஓடியது. இடையில் வெடித்தது, அதனால் மத்யூஸின் வழியில், கேட்காமல், கணனியை ஆறுதலாகக் கணக்குப் பார்க்கவிட்டு, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவ் ஃபைலாக எழுதி எடுத்தேன். எல்லா மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. நேரே ஓடும்போது வெடிக்கிற பாட்டும் இப்படி எழுதினால் சுத்தமாக வரும். கணனி கையிலிருந்து போகுமுன் உங்கள் பாட்டுகளுக்கு இன்றைக்கே செய்யுங்கள்.

இரண்டாவது பாட்டுக்கு அது முடியவில்லை. அந்தப் பிளகின் உரிமம் சரிபார்க்க இணையத்தில் ஒரு முகவரியைத் தேடுகிறது, அந்த முகவரி இல்லை. சுரம் இருக்கிறது, சத்தம் இல்லை.

ழான் குளோட் ரிஸ்ஸே என்ற பிரெஞ்சுக்காரர் 1960களில் மரே ஹில்லில் மத்யூஸோடு வேலை செய்தார். அவர் 1969இல் ஒரு பட்டியல் தயாரித்தார். தான் கணனியில் செய்த ஒவ்வொரு ஒலிக்கும், அதன் பதிவு, அதைச் செய்த எண்கள் வரிக்கு வரி, ஏன் அப்படிச் செய்தேன் என்ற விளக்கம். அவர் பாவித்த கணனிகள் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து அவருடைய மணிச்சத்தத்தைச் சிசவுண்டில் திரும்ப அடித்துக் கேட்கலாம். நானே செய்து பார்த்தேன், ஒரு ஞாயிறு இரவு வேலை முடிந்து வந்து. மணி அடித்தது.

அதனால் இப்போது ஃபோல்டருக்குள் சாதாரண எழுத்து ஃபைல் ஒன்று வைத்திருக்கிறேன், யூனிகோட் தமிழில். பாட்டு இரண்டு, கட்டை நாலரை, ஆதி தாளம். தொடக்கச் சத்தம்: இரண்டு ரம்பப்பல் அலை, ஒன்று மற்றதைவிடச் சற்றுத் தள்ளி. தொடக்கத்தில் காற்று ஊதுகிற இரைச்சல் கொஞ்சம், ஒரு நொடியில் அடங்க வேண்டும். சுரம் ஏறும்போது வழுக்கி ஏறவேண்டும், இறங்கும்போது வேண்டாம். பக்கத்தில் ஒத்து விடாமல் ஊதவேண்டும். மற்ற அளவுகளை அண்ணையோடு வேலை செய்த மற்ற இரண்டு பேரிடமும் கேட்டிருக்கிறேன். ஒருவர் இப்போது டலஸில், ஒருவர் லண்டனில். டலஸ்காரர் தனக்கு ஞாபகமிருக்கிற திருகுகளை வாயால் ஊதிக்காட்டிக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். அதையும் வேவாக மாற்றி அதே ஃபோல்டரில் போட்டிருக்கிறேன்.